மாமா விட்டுப்போன ஜீப்

கோழி கூவுமுன்னே தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், தேவாரம், போடி தெருக்களில் ஜீப் உறுமத் தொடங்கிவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று ஏதாவதொரு மலைப்பாதையில் ஏறி இடுக்கி மாவட்டத்துக்குள் போகிற வண்டிகள், பொழுதுசாயத் திரும்பும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். தூக்குவாளியும் மழைத்தாளுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அளவுக்கு மீறி ஆளேற்றுவது தப்புத்தான். விபத்து நடந்த மறுநாள் சோதனை பலமாக இருக்கும், பிறகு தளர்ந்துவிடும். ஆனால் அந்த வண்டி இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் உலை கொதிக்காது.

கூரையைச் சுருட்டிவிட்டு வானம் பார்த்து ஓட்டுகிற கார் என்றால் நமக்குப் பழைய சினிமாவில் நாயகர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போன வண்டிகள்தான் ஞாபகம் வரும். அந்தக் காலத்துக் கார்களைக் கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜீடீ கார் அருங்காட்சியகத்தில் பளபளப்பாகப் பார்க்கலாம். தேனிப் பக்கத்தில் திறந்த வண்டி என்றால் ஜீப்தான். படுதாவை அவிழ்த்தால் கூரை போய்விடும். முன்கண்ணாடியை மடக்கி பானட்டின் மேல் படுக்க வைத்துவிடலாம். கதவு என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. சொகுசுக்காக அல்ல, ஏலக்காய் மூட்டையைத் தூக்கிப் போடத் தோதாக.

நான் பார்க்கப் போனது நண்பர் ஒருவருக்கு அவருடைய தாய்மாமா விட்டுப்போன வண்டி. மாமாவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. பிள்ளைகள் இல்லை. கோம்பையில் இருக்கும் அத்தை, “அவர் ஞாபகமா இத நீயே வச்சுக்கப்பா, எடைக்கு மட்டும் போட்டுராத” என்று சொல்லிவிட்டார். நண்பர் அதைத் தொழுவத்திலிருந்து வெளியே இழுத்து, கம்பத்தில் குமுளிச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்.

1960களின் நடுவில் வந்த மகிந்திரா சிஜே-3பி அது. இரண்டாம் உலகப்போரில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் பட்டாள உபரி வண்டிகள் ஏலத்தில் போய்ச் சாதாரண மக்கள் கைக்கு வந்தன. 1945இல் மகிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கி 1948இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆன கம்பெனி, 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்து பம்பாயில் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. சிஜே-3பி அமெரிக்காவில் 1953இல் வந்த மாடல். அதன் பானட் மற்ற ஜீப்புகளைவிட உயரமாக நிற்கும். அழகுக்காக உயர்த்தவில்லை. அதன் ‘ஹரிக்கேன்’ இன்ஜினில் காற்றை உள்ளே விடும் வால்வு மேலே ஹெட்டிலும், புகையைத் தள்ளும் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். வால்வு மேலே ஏறியதால் இன்ஜின் உயர்ந்தது. இன்ஜின் உயர்ந்ததால் பானட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968இல் அந்த மாடல் நின்றுபோன பிறகும் இங்கே அதன் வாரிசுகள் ஓடிக்கொண்டிருந்தன.

பானட்டைத் தூக்கினால் உள்ளே அந்த இன்ஜின் இல்லை. பெட்ரோல் விலை கட்டாமல் மாமா டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டார். பியூஜோவின் எக்ஸ்டிபி 4.90, 2112 சிசி. மகிந்திராவின் எம்எம் 540 ஜீப்பில் வந்தது. இந்தப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பின்னால் ஆள் ஏற ஒரு படி, பிடித்துக்கொள்ள குறுக்காக ஒரு பைப், படுதாவுக்கு மூன்று வில்லுக்குப் பதில் நான்கு வில் என்று வண்டி முழுக்கப் பட்டறைக் கை பட்டிருந்தது.

மேஸ்திரி சுற்றிவந்து பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. “தம்பி, மாமா வாங்குனப்ப இருந்த மாதிரி வேணுமா, கடைசியா ஓட்டுனப்ப இருந்த மாதிரி வேணுமா?”

நண்பர் இரண்டாவதைத்தான் விரும்பினார். அவர் சின்னப் பையனாக உட்கார்ந்து போனது டீசல் ஜீப்பில். ஆனால் ஆர்சி புத்தகம் வேறு சொன்னது. மதுரைப் பதிவு, தேனி தனி மாவட்டமாவதற்குப் பல வருடம் முந்தைய புத்தகம். எரிபொருள் பெட்ரோல் என்றும் பழைய இன்ஜின் நம்பரும்தான் அதில் இருந்தன. மாற்றியதை மாமா எழுதிவாங்கவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இன்னும் இறுக்கிவிட்டது. ஆக, பழைய பெட்ரோல் இன்ஜினே திரும்ப ஏறியாக வேண்டும். நல்லவேளை, அது பம்புசெட் ரூமில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. வாட்டர் பம்புக்குப் பின்னால் பிளாக்கில் இருக்கும் சின்ன மேடையை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, புத்தகத்தில் இருந்த அதே நம்பர்.

வெளிநாடுகளில் பழைய வண்டி பிரியர்கள் ‘ஒரிஜினல்’ என்பதை ஒரு விரதமாகவே கடைப்பிடிக்கிறார்கள். கம்பத்தில் அதைச் செய்யவைத்தது ஆர்டிஓ ஆபீஸ்.

பட்டறையில் மிகக் கடினமான வேலை இன்ஜின் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். தகடுதான் கடினம். மழைத்தண்ணீர் வடிவதற்குத் தரையில் இருக்கும் ஓட்டைகள் மண்ணும் இலைச் சருகும் அடைத்துப் போனதால், தரைத் தகட்டுக்கு அடியில் போகும் மடிப்புச் சட்டங்களில் ஈரம் தங்கி, உள்ளிருந்தே அரித்திருந்தது. மேலே பெயிண்ட் நன்றாகவே இருக்கும். சுத்தியல் காம்பால் தட்டினால் விரல் உள்ளே போகும். டிங்கர் வேலைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறுகிற இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் வெட்டி எடுக்க வேண்டியது. “கோட்ட ஒட்டி வெட்டக்கூடாது சார். நல்ல தகட்டுல ரெண்டு விரக்கடை சேத்து வெட்டணும். இல்லன்னா வெல்டிங் பிடிக்காது, ஓட்டை விழுந்துரும்.”

மட்கார்டு நெளிவை எடுக்க ஒரு வேலை செய்தார். நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அடி வாங்கிய தகடு நீண்டுபோயிருக்கும். நீண்ட தகட்டை மேலும் மேலும் தட்டினால் இன்னும் நீளும். இங்கே அமுக்கினால் அங்கே புடைக்கும். எனவே அதைச் சுருக்க வேண்டும். கேஸ் டார்ச்சால் ரூபாய்க்காசு அளவுக்கு ஒரே புள்ளியைச் செக்கச் செவேலென்று காய்ச்சுகிறார். அடியில் டாலி என்னும் இரும்புக் கட்டையைக் கொடுத்து மேலே இரண்டு தட்டு. உடனே ஈரத்துணியை வைத்து ஒரு அமுக்கு. ஸ்ஸென்று ஆவி கிளம்ப, சுற்றியுள்ள தகடு அந்தப் புள்ளியை நோக்கி இழுபடுகிறது. பிறகு நாலு விரல் தள்ளி இன்னொரு புள்ளி. எங்கே காய்ச்சுவது என்பதைக் கண் சொல்வதில்லை. எண்ணெய் தடவிய உள்ளங்கையால் மட்கார்டைத் தடவி அறிகிறார். கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுகிறார்.

இந்த வேலை சுத்தமாக இருந்தால் பட்டி கொஞ்சம் போதும். அரைகுறையாக விட்டுவிட்டு, மிச்சத்தைப் பட்டியால் மெழுகிவிடுகிற பட்டறைகளும் இருக்கின்றன. வெளியே வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். மலையேறி இறங்கும் குலுக்கலில் இரண்டே மழைக்காலத்தில் பாளம் பாளமாக விழும். அகன்ற டயருக்கும் வரிசை விளக்குக்கும் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள், டிங்கர் கூலியில் மட்டும் பேரம் பேசுவதை அங்கேயே பார்த்தேன். அந்த அலங்கார ஜீப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு ஆகும், காட்டுப்பாதைக்கு ஆகாது.

பிடிக்கும் பைப்பை அறுத்துவிடலாமா என்று டிங்கர் கேட்டார். அது கம்பெனி கொடுத்ததில்லைதான். தோட்டத்துப் பெண்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பைப் அது. போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்து தாருங்கள் என்றார் நண்பர்.

இன்ஜின் தேனிக்குப் போனது. லேத் பட்டறையில் சிலிண்டரைப் போரிங் செய்து, அளவு கூடிய பிஸ்டனும் ரிங்கும் போட்டார்கள். கவனிக்க வேண்டியது வால்வு அமரும் இடம். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெத்தை மாதிரி நின்று தேய்மானத்தைக் காத்தது. 2000இல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்துவிட்டது. எனவே புகை வால்வுகளுக்குக் கெட்டியான எஃகு வளையம் இறக்கி உட்காரவைத்தார்கள். இப்போது பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் பம்பின் டயாபிரம், டியூப், கார்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் அதற்குத் தாங்கும் ரப்பரில் மாற்றியாயிற்று. “மாசக்கணக்குல நிறுத்தி வைக்கிறதா இருந்தா டேங்கக் காலி பண்ணிருங்க” என்று மேஸ்திரி திரும்பத் திரும்பச் சொன்னார். கியர்பாக்ஸைப் பிரித்தார்கள், சுத்தம் செய்தார்கள், பூட்டினார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றே கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, ஓடும்போது கீழே இறக்க டபுள் கிளட்ச் போடத் தெரிய வேண்டும். டயர் அளவு 6.00-16. டிராக்டர் முன்சக்கரத்துக்கும் அதே அளவுதான். விலை குறைவென்று அதை வாங்கி மாட்டுபவர்கள் உண்டு, ரோட்டு வேகத்துக்கு அது செய்யப்பட்டதல்ல.

படுதா தைப்பவரைப் பார்க்க உத்தமபாளையம் போனோம். வயதான பாய், மகன் தேனியில் கார் சீட் கவர் கடை வைத்துவிட்டார். “இப்ப எல்லாரும் ரெக்சின்தான் கேக்குறாங்க. தண்ணி இறங்காது, வெல கம்மி. ஆனா வெயில்ல காஞ்சு மடிப்புல வெடிக்கும். ஆடிக் காத்துல படபடன்னு அடிச்சுக் கிழியும்.” ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் காற்றைத் தேனிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். நண்பர் பருத்தி கான்வாஸே கேட்டார். பாய் முகம் மலர்ந்துவிட்டது.

கான்வாஸ் நனைந்தால் சுருங்கும். அளவெடுத்தபடியே வெட்டித் தைத்தால், முதல் மழைக்குப் பிறகு பொத்தான் எட்டாது. அதனால் முதலில் துணியை நனைத்துக் காயவிட்டு, வில்லின் மேல் விரித்து, நீள அகலத்தில் கொஞ்சம் தளர்வு வைத்து வெட்டினார். தையலுக்கு மெழுகு தேய்த்த பருத்தி நூல். நைலான் நூல் உறுதியானதாயிற்றே என்றேன். “உறுதிதான். ஆனா ஊசி போன ஓட்டை அப்படியே நிக்கும். பருத்தி நூல்னா மழையில ஊதி ஓட்டைய அடைச்சிரும் தம்பி.” மடிப்பு போட்டு இரட்டைத் தையல், விளிம்பில் பித்தளை ஐலெட், மூலைகளில் மாத்திரம் தோல். பழைய படுதாவைக் கீழே விரித்துவைத்து, மாமா காலத்தில் ஒட்டுப் போட்ட இடங்களைப் பார்த்துப் பார்த்துப் புதியதில் அங்கெல்லாம் இரட்டைத் துணி கொடுத்தார். எங்கே வில்லில் உரசும் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் வேண்டாம் என்றார். அவருக்குப் பிறகு அந்த மிஷினில் உட்கார அந்தக் கடையில் ஆளில்லை.

வண்டி தயார், பதிவுதான் பாக்கி. 50 வருடம் தாண்டிய, மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ‘விஏ’ எழுத்தோடு தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த நம்பர் வாங்கிவிட்டால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும் ஓட்டலாமே தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. தோட்டத்துக்குப் போகாத ஜீப் எதற்கு என்று நண்பர் சாதாரணப் பதிவுப் புதுப்பிப்புக்கே எழுதிக் கொடுத்தார். 20 ஆண்டு கடந்த இலகுரக வாகனத்துக்கு 2025 ஆகஸ்ட் முதல் அந்தக் கட்டணமே 10,000 ரூபாய். ஆர்சி காலாவதியான வருடங்களுக்கான தாமதக் கட்டணம் தனி.

அதற்கும் முன்னால் ஒரு படி இருந்தது. மாமா பெயரில் இருக்கும் வண்டியை மருமகன் நேராக வாங்கிக்கொள்ள முடியாது. தாலுகா அலுவலக வாரிசுச் சான்றிதழோடு, 31ஆம் படிவத்தில் முதலில் அத்தை பெயருக்கு. பிறகு 29, 30ஆம் படிவங்களில் அத்தை கையெழுத்திட்டு மருமகன் பெயருக்கு. பட்டறையில் தகடு வெட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்தக் காகிதங்கள் ஒருபக்கம் நடந்துகொண்டிருந்தன. மேஸ்திரியின் பட்டறைக்குப் பின்னால் இன்னும் சில ஜீப்புகள் புல் முளைத்துக் கிடக்கின்றன. அவற்றில் தகடு கெட்டதைவிட, வாரிசுகள் ஒருமித்துக் கையெழுத்துப் போடாததால் கிடப்பவையே அதிகம் என்றார் அவர். ஆர்சி இல்லாத வண்டி கடைசியில் காயலான் கடைக்குத்தான் போகும். டிங்கரும் பாயும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனவே உங்கள் வீட்டுத் தொழுவத்திலோ கொட்டகையிலோ பெரியவர் ஒருவரின் வண்டி நின்றால் மெக்கானிக்கைத் தேடுமுன் ஆர்சி புத்தகத்தைத் தேடுங்கள். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் 31ஆம் படிவம் கொடுக்க வேண்டும். பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்றால் இன்னும் சுலபம்: 2021 முதல் ஆர்சியிலேயே நாமினி பெயரைச் சேர்த்துவிடலாம்.