பாட்டியும் படத்தட்டும்

ஓட்டலில் மெனுவைப் பார்த்து, "இன்னது கொண்டு வா" என்று சொல்ல நமக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் திரைப்பட டி.வி.டி.யைப் போட்டவுடன் திரையில் தோன்றும் மெனு இருக்கிறதே, அதன்முன் பட்டம் பெற்றவர்களும் திகைத்ததுண்டு. காரணம் என்ன?

1996-ஆம் ஆண்டின் இறுதியில் டி.வி.டி. ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 செ.மீ. அகலமுள்ள அந்தத் தட்டில் ஒரே படத்துக்கு 8 ஒலித்தடங்கள் வரையிலும், 32 சப்டைட்டில் வரிசைகள் வரையிலும் சேர்க்கலாம். வசதி பெருகினால் தேர்ந்தெடுக்கும் வேலையும் பெருகுமல்லவா? அதற்காகவே மெனு பிறந்தது. நம் கையிலோ ஒரு ரிமோட். அதில் நான்கு திசைக்கும் நான்கு அம்புகள். எந்த அம்பை அழுத்தினால் எந்தச் சொல்லுக்குத் தாவ வேண்டும் என்று வகுப்பவர் தட்டைத் தயாரிப்பவரே. அவர் வகுத்த வழியும் நம் கண் போகும் வழியும் ஒன்றாக இருந்தால் பிழைத்தோம்!

ஒரு விடுமுறையில் நான் ஊருக்குச் சென்றிருந்தபோது, எங்கள் பாட்டி பழைய படம் ஒன்றைப் பார்க்க விரும்பினார். மெனுவில் இரண்டே சொற்கள்: 'படம்', 'பாடல்கள்'. ஒன்று மஞ்சள், மற்றது வெள்ளை. அம்பை அழுத்தினால் நிறங்கள் இடம் மாறும். தேர்வானது மஞ்சளா, வெள்ளையா? அதைச் சொல்வார் இல்லை. பாட்டி அழுத்தினார், பாட்டு வந்தது. மீண்டும் அழுத்தினார், மீண்டும் பாட்டு. ரிமோட்டை என்னிடம் நீட்டி, "எனக்கு இதெல்லாம் எங்கேடா தெரியப் போகிறது? நீயே போடு" என்றார். நூறு பேர் பந்திக்கு உப்புக் குறையாமல் சமைத்தவர் அவர். அவரைத் தம்மையே குறைத்துப் பேச வைத்தவை இரண்டு நிறங்கள்!

அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன் 1988-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வற்புறுத்தினார். பொருளைக் கையாளத் தெரியாதபோது மக்கள் தம்மையே நொந்துகொள்கிறார்கள். குற்றமோ பெரும்பாலும் பொருளின் அமைப்பில் இருக்கிறது. வலைத்தளங்களில் செய்த தவறுகளையே டி.வி.டி. மெனுக்களிலும் செய்கிறார்கள் என்று 2001-இல் அவர் தனிக் கட்டுரையே எழுதினார்.

மாற்று வழி கடினமானதன்று. சிலரை அழைத்து, "சப்டைட்டிலோடு படத்தை ஓட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு குறுக்கிடாமல் பார்க்க வேண்டும். உதவிக்கு நீளும் நம் கையை அடக்குவதுதான் இதில் பெரும்பாடு! ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். திருத்தியபின் வேறு ஐவரிடம் சோதிக்கலாம். பாட்டியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். தேர்வான சொல்லின் அருகில் சிறு கைக்குறி ஒன்றைப் போட்டிருப்பார்கள்.

இன்று பல வீடுகளில் டி.வி.டி.க்கள் அலமாரியில் உறங்குகின்றன. ஆனால் பணம் தரும் இயந்திரத்தின் முன்பும், கைப்பேசியில் ரயில் டிக்கெட் எடுக்கும்போதும் "எனக்கு எங்கே தெரியப் போகிறது?" என்ற குரல் ஓயவில்லை. நண்பர்களே! இத்தகைய கருவிகளை நாளை அமைக்கப் போகிறவர்கள் நம்மில் பலர். அக்குரலைக் கேட்டால், "உங்களுக்குத் தெரியாமலில்லை, எங்களுக்குத்தான் செய்யத் தெரியவில்லை" என்று சொல்லும் பணிவு நமக்கு வேண்டும்.