மொட்டை போட அஞ்சிய மகன்

பொருத்தனைக்காகத் தலையை மழித்துக்கொள்வது நம் நாட்டில் நாணத்துக்குரிய செயலாகக் கருதப்படுவதில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29-ஆம் நாள் கொடியேற்றம் தொடங்கி, செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் விழா வரை வேளாங்கண்ணிக்குச் செல்வோர், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளை வழியெங்கும் காண்பர். நம் அண்டை வீட்டார் திருப்பதியிலும் பழனியிலும் முடியிறக்கி மகிழ்ச்சியோடு ஊர் திரும்புகின்றனர். மக்களை இழந்த யோபு துயரத்தால் தலையை மழித்துக்கொண்டார். புனித சின்னப்பர் ஒரு பொருத்தனையின் பொருட்டுக் கெங்கிரேயாவில் முடி வெட்டிக்கொண்டார் என்று அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. குருத்துவ வாழ்வில் நுழைவோருக்கு உச்சியில் முடி களையும் சடங்கு நெடுங்காலம் திருச்சபையில் இருந்தது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதனை நீக்கினார். பிற்காலத்தில் குருவான எனக்கு அச்சடங்கு நடைபெறவில்லை. ஆயினும் முப்பது வயதிற்குள்ளாகவே இயற்கை அதனைச் செய்து முடித்துவிட்டது! மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்கள் தங்களுக்குள் என்னைச் ‘சொட்டைச் சாமி’ என்று அழைப்பதை நான் அறிவேன்.

இத்தகைய நாட்டில், மொட்டை போட்டுக்கொள்ள அஞ்சி ஒருவர் பங்குக் குருவைத் தேடி வந்தார் என்றால் நம்புவீர்களா? ஆரணியில் பட்டுத் தறியில் உழைக்கும் இளைஞர் அவர். அவர் கூறியது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. மற்றவர்க்குப் பயன்படுமாயின் எழுதலாம் என்று அவரே இசைவு தந்ததால், அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

“தோத்திரம் சாமி. பேரன் பிறந்தால் மகனுக்கும் பேரனுக்கும் வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக அம்மா பொருத்தனை செய்துவிட்டார்கள். பேரனும் பிறந்துவிட்டான். அந்தப் பொருத்தனை என்னையும் கட்டுமா?” என்று கேட்டார்.

கேள்வி எளிது, காரணம்தான் எளிதாக இல்லை. நெடுநேரம் தயங்கிய பின் தலையைத் திருப்பிப் பின்புற முடியை விலக்கிக் காட்டினார். ஒரு காதின் பின்னிருந்து மறு காதின் பின்வரை வெளிறிய கோடாக ஒரு தழும்பு ஓடிற்று. திருமணத்திற்குப் பெண் பார்த்த நாளில், “மாப்பிள்ளைக்கு முன்தலை ஏறிவிட்டதே” என்று யாரோ ஒரு பெரியவர் கூறிய சொல் அவரைத் தைத்துவிட்டது. அவ்விடம் தட்டிப்போயிற்று. முதலாளியிடம் முன்பணம் வாங்கி, வீட்டாருக்குச் சொல்லாமல் வெளியூர் சென்று முடி பதித்துக்கொண்டு வந்தார். பின்னர் வேறிடத்தில் திருமணம் நடந்தது. மனைவிக்கும் இதைச் சொல்லவில்லை.

அன்பர்களே, இச்சிகிச்சையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். 1939-ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் ஒக்குடா என்னும் மருத்துவர் தீக்காயத் தழும்புகளில் முடி பதித்ததை எழுதி வைத்தார். ஆண்களின் வழுக்கைக்கு இம்முறையை நியூயார்க்கில் 1952-இல் கையாண்டவர் ஓரன்ட்ரைக் என்பவர். பின்தலை முடி வழுக்கைக்கு எளிதில் இரையாகாது. முன்னே நட்டாலும் அத்தன்மையை இழப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. ஒரு முறையில் பின்தலைத் தோலை ஒரு நாடாவைப் போல அறுத்தெடுத்து, முடி வேர்களைப் பிரித்து நடுகின்றனர். தைத்த இடம் கோடாக நிற்கும். மற்றொரு முறையில் ஒவ்வொரு வேராகத் துளையிட்டு எடுக்கின்றனர். அங்கே கோடில்லை, ஆயினும் வெண்புள்ளிகள் இருக்கக்கூடும். எவ்வாறாயினும், எடுத்த இடத்தில் அம்முடி மீண்டும் முளைப்பதில்லை. தழும்பு பின்தலை முடி நீண்டிருக்கும் வரை மறைந்திருக்கும். கத்தி பட்டவுடன் வெளிப்படும். வேரூன்றி ஆறிய பின் மழிப்பதால் பதித்த முடிக்குக் கேடில்லை. அது மறுபடியும் வளரும். ஆகவே நம் இளைஞரின் அச்சம் முடியைப் பற்றியதன்று, தழும்பைப் பற்றியதே. குழித்தறியில் குனிந்து நெய்பவனிடம் பேச வருவோர் கண்ணில் முதலில் படுவது அவனது பின்தலையன்றோ!

திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1193-ஆம் எண், பொருத்தனை தன் இயல்பால் அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்கிறது. தாயின் பொருத்தனை, வயது வந்த மகனைக் கட்டாது. தாயும் தாம் நேர்ந்ததை அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான நற்செயலாகத் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்று 1197-ஆம் எண் இடமளிக்கிறது. தக்க காரணம் இருப்பின் பங்குக் குருவும் விலக்கு அளிக்கலாம்.

இவற்றையெல்லாம் விளக்கி, “தம்பி, சட்டப்படி நீங்கள் கட்டுப்பட்டவரல்லர்” என்றேன். அவர் முகம் மலரவில்லை. “ஏன் மாட்டேன் என்கிறாய் என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது, சாமி?” என்றார்.

உண்மையான முடிச்சு அங்கேதான் இருந்தது. பொருத்தனையிலிருந்து அவரை விடுவிக்க என்னால் இயலும். மறைத்து வைத்ததிலிருந்து விடுவிக்க இயலாது. “மொட்டை போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் முதலில் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்” என்று மட்டும் கூறி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வந்து நடந்ததைச் சொன்னார். மனைவிக்கு அத்தழும்பு புதிதன்று. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துவிடும் கைக்கு அது தெரியாமலா போகும்? “சின்ன வயதில் தறிக்குழியில் விழுந்த காயம் என்றீர்கள். நீங்களாகச் சொல்லும் வரை கேட்க வேண்டாம் என்றிருந்தேன்” என்றாராம் அப்பெண்மணி. தாயார் கேட்டது வேறொன்று: “அந்தக் கடன் இன்னும் இருக்கிறதா?” இருந்தது. கணக்கைக் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து பார்த்தனர். பின்னர் அவர் தாமாகவே மகனோடு சென்று மொட்டை போட்டுக்கொண்டார்.

ஊரார் பார்த்தனர், சிலர் சிரித்தனர், ஒரு மாதத்தில் மறந்தனர். ஆனால் இதே சிகிச்சைக்குப் பணம் சேர்த்துவந்த மற்றோர் இளைஞர் மட்டும் அவரை இரவில் தேடி வந்து, “அண்ணா, அந்தத் தழும்பு எப்படி வந்தது?” என்று விவரம் கேட்டிருக்கிறார். மறைத்து வைத்திருந்தால் இப்பயன் விளைந்திராது.

விவரம் கேட்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு நம் மாநிலத்திலேயே துயரமான சான்று உண்டு. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில், மருத்துவம் பயின்ற இளைஞர் ஒருவரே சென்னையில் ஓரிடத்தில் முடி பதித்துக்கொண்டு, சில நாள்களுக்குள் உயிரிழந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டு, முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே இதனைச் செய்ய வேண்டும், காணொளிகளைப் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று அறிவித்தது. ஆகவே செய்துகொள்ள விரும்புவோர் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். கத்தியைப் பிடிப்பவர் யார்? அவசர நிலையில் உயிர் காக்கும் வசதி அங்கே உண்டா? எந்த முறை, எவ்வளவு தழும்பு? பதிக்காத முடி மேலும் உதிர்ந்தால் பிற்காலத்தில் தலை எவ்வாறு தோன்றும்? என்றேனும் மொட்டை போட நேர்ந்தால் என்ன தெரியும்?

இச்சிகிச்சை பாவம் என்று நான் கூறவில்லை. தீக்காயம் பட்டோர்க்கு இது பெரும் ஆறுதல். தம் தோற்றத்தைச் செம்மை செய்துகொள்ளும் உரிமை மற்றவர்க்கும் உண்டு. ஆயினும் பெற்றோர்களுக்கும் பெண் பார்க்கச் செல்லும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லேவியராகமம் 13-ஆம் அதிகாரம் தோல் நோய்களைத் தீட்டு என்று நுணுகி ஆராய்கிறது. அத்துணைக் கண்டிப்பான அந்நூலே, முடி உதிர்ந்தவன் வழுக்கையன்தான், ஆனால் தீட்டற்றவன் என்று தீர்ப்பளிக்கிறது. மோசேயின் சட்டம் குற்றமற்றவன் என்று விட்டவனை, நம் கூடத்தில் காபி அருந்திக்கொண்டே நாம் குற்றவாளி ஆக்கலாமா? மாப்பிள்ளையின் குணத்தைக் கேளுங்கள், குடிப்பழக்கம் உண்டா என்று கேளுங்கள், கடன் எவ்வளவு என்று கேளுங்கள். முன்தலையை விட்டுவிடுங்கள்.