பெயர் ஒரு பக்கம், இரத்தம் ஒரு பக்கம்

(பதினோராம் வகுப்பு, கணிப்பொறிப் பிரிவு மாணவியர்)

உங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை ஒரு முறை பாருங்கள். பெயர், வகுப்பு, இரத்த வகை என மூன்று வரிகள் இருக்கும். அந்த மூன்றாவது வரியில் இந்த ஆண்டு 83 பேருக்கு அடுத்த பெண்ணின் இரத்த வகை அச்சாகியிருக்க வேண்டியது. அதைச் செய்யவிருந்தவர்கள் வேறு யாருமல்லர், நாங்கள்தாம்!

நடந்தது இதுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள 214 மாணவியரின் விவரங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் பொறுப்பை ஆய்வகச் சிஸ்டர் எங்கள் நால்வரிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு மாணவிக்கும் ஐந்து வரிகள்: பெயர், தந்தை பெயர், வகுப்பு, ஊர், இரத்தம். ஒருத்தி முடிந்ததும் ஒரு வெற்று வரி, பிறகு அடுத்தவள். பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி என்று ஊர்ப் பெயர்களைத் தட்டித் தட்டி எங்கள் விரல்கள் ஓய்ந்தன. அச்சகத்தாருக்கோ ஐந்து வரி வேண்டாம். ஒரு மாணவிக்கு ஒரே வரி, அதில் பெயர், வகுப்பு, இரத்த வகை மட்டும் போதும். அதையும் அன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் இருப்பது உபுண்டு. அதில் டெர்மினல் என்றொரு கறுப்புத் திரை உண்டு. அங்கே சுட்டிக்கு வேலையில்லை. கட்டளையை எழுத்தால் தட்ட வேண்டும், அதுவும் எழுத்தாலேயே பதில் சொல்லும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே ஒரு சிறு வேலைதான் தெரியும். ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு ஊற்ற, இடையே ஒரு நெட்டுக்கோடு போட்டால் போதும். அதைக் குழாய் என்கிறார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் நெடுநாள் வலியுறுத்தி வந்த யோசனை அது. 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். தோட்டத்து ரப்பர்க் குழாயை ஒன்றோடொன்று பொருத்துவது போல என்று மெக்கில்ராய் 1964இலேயே எழுதி வைத்தாராம்.

வேண்டிய வரியை மட்டும் பொறுக்கித் தருவது கிரெப் என்னும் கட்டளை. ‘பெயர்:’ என்று கேட்டோம். 428 வரிகள் வந்து நின்றன! 214 பேருக்கு 428 பெயரா என்று திகைத்தோம். பார்த்தால், ‘தந்தை பெயர்:’ என்பதிலும் ‘பெயர்:’ இருக்கிறதல்லவா? அப்பாக்களும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். வரியின் தொடக்கத்தில் இருப்பதை மட்டும் கொடு என்பதற்கு ஒரு கூரைக் குறி உண்டு. அதைப் போட்டதும் 214 ஆயிற்று. எண்ணிப் பார்த்ததால்தான் அந்தத் தவறு தெரிந்தது. அப்படி எண்ணியது அந்த ஒரு முறைதான் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பெயர்களை ஒரு கோப்பிலும், வகுப்புகளை மற்றொன்றிலும், இரத்த வகைகளை இன்னொன்றிலும் சேர்த்தோம். பேஸ்ட் என்று ஒரு கட்டளை உண்டு. அது மூன்று கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, முதல் வரியோடு முதல் வரி, இரண்டாவதோடு இரண்டாவது என்று ஒரே வரியாக்கித் தரும். ஒரு நொடியில் 214 வரிகள்! கடைசிப் பெண்ணுக்கு மட்டும் இரத்த வகை இல்லை. “அவள் எழுதிக் கொடுத்திருக்க மாட்டாள்” என்று எங்களுக்குள் ஒருத்தி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

மணி மூன்றரை. சரிபார்க்கச் சொல்லி அச்செடுத்த தாளை வகுப்புகளுக்கு அனுப்பினோம். பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர் தாளோடு படியேறி வந்தார். “எனக்கு ஓ நெகட்டிவ். இதில் பி பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறீர்களே?” என்றார். அவருடைய அப்பாவுக்கும் அதே வகைதான். யாருக்காவது தேவை என்று இரவில்கூட வீட்டுக்குத் தொலைபேசி வருமாம். ஆகவே அவருக்கு அது மறக்கவே மறக்காது. தட்டச்சுப் பிழை என்று எண்ணி அவருடைய வரியை மட்டும் திருத்தப் போனோம். அப்போது அக்காவே விரலை ஒரு வரி மேலே வைத்து, “என்னுடையது இவளிடம் இருக்கிறதே!” என்றார்.

எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. மேலே மேலே போய் 131ஆம் பெண்ணிடம் நின்றோம். அவளுக்குத் தன் இரத்த வகை தெரியாது. தெரியாததை ஏன் தட்டுவானேன் என்று எங்களில் ஒருத்தி ‘இரத்தம்:’ என்ற வரியையே விட்டுவிட்டிருந்தாள். பெயர்கள் 214, இரத்தங்கள் 213. பேஸ்ட் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் வழிபாட்டுக்கு இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் போகும்போது, ஒரு பக்க வரிசையில் ஒருத்தி வராவிட்டால் பின்னால் உள்ள எல்லாருக்கும் ஜோடி மாறிவிடுமே, அதேதான். கடைசியில் நிற்பவள் மட்டும் தனியாக நிற்பாள். அவள்தான் தவறு செய்தவள் போலத் தெரியும். எங்கள் பக்கம் ஓ பாசிட்டிவ்வும் பி பாசிட்டிவ்வும் மிகுதி. ஆகவே பலருக்கு அடுத்தவளுடையதும் தன்னுடையதும் ஒன்றாகவே இருந்து, ஒருவரும் குறை சொல்லவில்லை.

சிஸ்டரிடம் போய் நின்றோம். திட்டுவார்கள் என்று நினைத்தோம், திட்டவில்லை. “பெயர் மாறினால் கூப்பிடும்போது அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள், தெரிந்துவிடும். இது மாறினால் எப்போது தெரியும்?” என்று மட்டும் கேட்டார்கள். இரத்தம் ஏற்றுமுன் மருத்துவமனையில் மறுபடியும் சோதிப்பார்கள் என்று எங்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். உண்மைதான். “அவர்கள் சோதிப்பார்கள் என்பதற்காக நாம் பொய்யை எழுதிக் கொடுக்கலாமா?” என்றார்கள் சிஸ்டர். நால்வரும் தரையைப் பார்த்தோம்.

அச்சகத்துக்கு மறுநாள் தருவதாகச் சொல்லியாயிற்று. எங்களில் ஒருத்தியின் அப்பா பரவை காய்கறி மார்க்கெட்டில் மூடை இறக்குபவர். அன்றிரவு இதைக் கேட்ட அவர், “மூடைக்கணக்கு ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம்னு வச்சா மாறத்தான் செய்யும் தாயி. சீட்ட மூடையோடயே கட்டிப்புடணும்” என்றாராம். மறுநாள் சிஸ்டர் சொல்லித் தந்ததும் அதேதான்.

அதற்கான கட்டளையின் பெயர் ஆக். 1977இல் அதே பெல் ஆய்வுக்கூடத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் எழுதியது. மூவரின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். அதே ஒலியில் ஒரு கடற்பறவையும் உண்டு. 1988இல் மூவரும் எழுதிய நூலின் அட்டையிலே அந்தப் பறவைதான் நிற்கிறது. பரவை என்றாலே தமிழில் கடல். வெளியூர்க்காரர்களோ எங்கள் ஊரைப் ‘பறவை’ என்று எழுதி எங்களைச் சீண்டுவார்கள். கடலும் பறவையும் இப்படி ஒன்றுசேரும் என்று யார் கண்டார்கள்!

ஆக் கட்டளையில் பதிவுகளைப் பிரிக்கும் குறியாக ஒன்றுமே இல்லாத மேற்கோள் குறியைக் கொடுத்தால், வெற்று வரி வரும்வரை உள்ளதெல்லாம் ஒரே மாணவி என்று அது எடுத்துக்கொள்ளும். ஒருத்தியின் வரி குறைந்தால் அவளோடு போயிற்று, அடுத்தவளைத் தொடாது. வரிகளை எத்தனையாவது என்று பாராமல் ‘வகுப்பு:’, ‘இரத்தம்:’ என்ற தலைப்பைப் பார்த்தே எடுக்கச் சொன்னோம். அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. முந்தின பெண்ணுக்கு எடுத்து வைத்ததை அழிக்காமல் விட்டால், வரி இல்லாத பெண்ணுக்கு அதுவே ஒட்டிக்கொள்ளும். “பால் ஊற்றின டம்ளரைக் கழுவாமல் அடுத்தவளுக்குத் தண்ணீர் கொடுப்பீர்களா?” என்று கேட்டார்கள் சிஸ்டர். ஒவ்வொருத்திக்கும் முன் டெலீட் போட்டுக் கழுவினோம். இல்லாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதச் சொன்னோம்.

அழகுக்காக நிரல் நிரலாய் நிறுத்தப் பார்த்து அதில் தோற்றுப் போனோம். ‘மீனாட்சி’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணிப்பொறிக்கோ காலும் புள்ளியும் மேல்விலங்கும் தனித்தனிக் குறிகள், ஆக எட்டு. பைட் கணக்கில் 24. எந்தக் கணக்கில் இடம் விடுவது? நடுவில் காற்புள்ளி வைத்து விரிதாளில் திறந்துகொண்டோம்.

பிறகு எண்ணினோம். பெயர் 214, வகுப்பு 214, இரத்த வகை 213, தெரியவில்லை 1. அதன்பின் தாளை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய், பெயரைச் சொல்லி இரத்த வகையை அவரவர் வாயாலேயே கேட்டு 'சரி' போட்டோம். அதற்கு இரண்டு மதிய இடைவேளைகள் பிடித்தன.

அட்டைகள் வந்தபோது 131ஆம் பெண்ணுடையதில் மூன்றாவது வரி மட்டும் வெறுமையாக இருந்தது. அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொண்டு சீட்டோடு ஆய்வகத்துக்கு வந்தாள். ஏ பாசிட்டிவ். எங்களிடம் பேனா வாங்கி, அழியாத மையில் தானே எழுதிக்கொண்டாள்.