ஒற்றைச் சாட்சி

கலகெதரையில் எம் இல்லத்தில் வாழும் மைத்துனர், மதுவைத் துறந்து ஆறு மாதமாயிற்று என்றார். கண்டியிலிருந்து வந்த இரத்தப் பரிசோதனைச் சீட்டிலோ, காமா ஜீ.ரீ. என்னும் ஈரல் நொதி மிகுந்திருந்தது. "அத்தான், சத்தியமாக நான் தொடவில்லை!" என்று அவர் கலங்கினார். நாம் நம்பாது கடிந்தோம்.

வைத்தியரோ, "கொழுப்பேறிய ஈரலும் சில மருந்துகளுங்கூட இந்நொதியை உயர்த்தும், இன்னொன்றும் பார்ப்போம்" என்றார். அது சீ.டி.ரீ.; 1970களில் சுவீடன் ஆய்வாளர் கண்ட குறி. இரு வாரமேனும் நாடோறும் மிதமிஞ்சிக் குடிப்போரிடம், இரும்பைச் சுமக்கும் புரதம் தன் சர்க்கரைக் கிளைகளை இழக்கும். குடியை விட்டால் சில வாரங்களில் சீராகும். மைத்துனருக்கு அது சீராகவே இருந்தது.

அன்றிரவு அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். வாசகர்காள், குடியை விட்டவனுக்கு வீட்டாரின் நம்பிக்கையே ஊன்றுகோல். ஒற்றைச் சாட்சியைக் கேட்டு அதனைப் பறித்துவிடாதீர்!