தோப்பில் கற்ற பாடம்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவியர். பழைய மாணவியரான எங்களை ஆண்டு மலருக்கு எழுதக் கேட்டதும் அந்தத் தோப்புத்தான் நினைவுக்கு வந்தது.

பள்ளி மீண்டும் திறந்த பிறகும் எங்கள் தோழி ஒருத்தி வரவில்லை. "போய்ப் பார்ப்போமா?" என்றார் வகுப்பாசிரியையான சகோதரி. டிசம்பர் முதல் சனிக்கிழமை, பெற்றோர் அனுமதியோடு பன்னிரண்டு பேர் புறப்பட்டோம். உள்ளதைச் சொன்னால், எங்களுக்கு அது உல்லாசப் பயணமாகவே இருந்தது. புளிசாதம் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் பாடிக்கொண்டு போனோம்.

தோப்பில் கால் வைக்க இடமில்லை. மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. "பிள்ளைகளா, அறுக்கிற பக்கம் வராதீங்க. மட்டையும் காயும் உங்க வேலை" என்றார் தோழியின் தாத்தா.

நாங்கள் விலகி நின்று பார்த்தோம். இரு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் மரத்தை மேலிருந்தே அறுத்தால் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளுமாம். ஆகவே மேலே கொஞ்சம் அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுத்தார்கள். வேரோடு சாய்ந்த மாமரத்தை அறுக்கையில் குழிப்பக்கம் எவரையும் நிற்க விடவில்லை. பாரம் நீங்கியதும் வேர்க்கட்டி மண்ணோடு குழிக்குள் திரும்ப விழக்கூடும்.

"கிடந்தால் மக்கி எருவாகாதா, தாத்தா?" என்று கேட்டோம். "மக்குகிற தண்டில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், தாயி. அப்புறம் நிற்கிற மரத்தின் குருத்தையும் குடைந்துவிடும்" என்றார்.

மதியத்துக்கு மேல், அறுத்த துண்டு ஒன்றை இழுக்க எங்களிடம் வடத்தைக் கொடுத்தார்கள். தேர் இழுப்பதுபோல் கூச்சலிட்டுச் சிரித்துக்கொண்டே இழுத்தோம். நிமிர்ந்து பார்த்தால், தோழியின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். தோழி மெல்லச் சொன்னாள்: "நான் பிறந்த வருஷம் அம்மா வைத்த பிள்ளை இது."

வடம் எங்கள் கையிலிருந்து நழுவியது. தென்னங்கன்றைப் பிள்ளை என்று பிறந்ததுமுதல் சொல்லி வருகிறோம். அந்தச் சொல்லின் பொருள் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர்கள் வீட்டு இழவில் நாங்கள் சிரித்திருக்கிறோம்! "மன்னித்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றோம். அவர் பதில் சொல்லாமல் வந்து, வடத்தை எடுத்து, எங்களோடு சேர்ந்து இழுத்தார். அந்தத் துண்டை மட்டும் வாசலில் போடச் சொன்னார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளிலும் போனோம், பாட்டு இல்லை. சாய்ந்தும் வேர் அறாத இளமரங்கள் நான்கைக் கயிறு கட்டி நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, மண் அணைத்தோம். அவற்றில் மூன்று பிழைத்தன. தோழியும் பள்ளிக்கு வந்தாள்.

மறு ஆண்டு நட்ட கன்றுகள் இப்போது பாளை விட்டுவிட்டன. சென்ற கோடையில் அங்கே இளநீர் குடித்தோம். வாசலில் அந்தத் துண்டின்மேல்தான் உட்கார்ந்தோம்.

அன்புத் தங்கையரே, பிறர் துன்பத்தில் உதவப் போகும்போது கைகளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். முதலில் அந்த வீட்டாரின் முகத்தைப் பாருங்கள். பிறகு வடத்தைத் தொடுங்கள்.