சாஸுக்கு எத்தனை விசில்?

பாஸ்தான்னா உங்களுக்கு டக்குனு என்ன ஞாபகம் வருது? கேன்டீன்ல கெட்சப்பையும் குடைமிளகாயையும் போட்டுப் புரட்டித் தர்ற அந்த ஆரஞ்சு கலர் ஐட்டமா? இல்ல, மைதாவைப் பால்ல கரைச்சு ஊத்தி, மேல ரெண்டு ஆலிவ் துண்டைத் தூவி பில்லைத் தீட்டுற அந்த வெள்ளை ஐட்டமா? ரெண்டையும் ஓரமா வைங்க. இன்னிக்கு நாம வீட்டுலயே கறி போட்டு ஒரு இத்தாலி சாஸ் செய்யப் போறோம். பேரு 'ரகூ'. ஜாதகத்துல உட்கார்ந்திருக்காரே, அந்த ராகு இல்லீங்க! அவருக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4.30-க்குத்தான் டியூட்டி. நம்ம ரகூவுக்குக் காலையில 9 மணிக்கே அடுப்பைப் பத்த வைக்கணும்.

முதல்ல ஊரைப் பத்திக் கொஞ்சம். வட இத்தாலியில போலோன்யான்னு ஒரு நகரம். அங்க இருக்கிற பல்கலைக்கழகம் பிறந்த வருஷமா சொல்றது 1088. அதாவது, பசியோட திரியுற ஸ்டூடன்ட்ஸை ஒன்பது நூற்றாண்டுக்கு மேல பார்த்த ஊர்! அந்த ஊரோட கறி சாஸைத்தான் உலகமே 'போலோனீஸ்'னு சொல்லுது. ஆனா உலகம் முழுக்க மெனு கார்டுல இருக்கிற 'ஸ்பகெட்டி போலோனீஸ்'ங்கிற பேரைக் கேட்டாலே ஊர்க்காரங்களுக்கு பிபி ஏறிடும். அவங்க இந்த சாஸைச் சாப்பிடுறது தாலியாத்தெல்லேங்கிற தட்டையான முட்டை பாஸ்தாவோட. 2019-ல அப்போ மேயரா இருந்த விர்ஜினியோ மெரோலா, 'ஸ்பகெட்டி போலோனீஸ் எல்லாம் எங்க ஊர் சமையலே இல்ல'ன்னு ட்விட்டர்லயே கிளம்பிட்டார்னா பாருங்க.

அதுக்கு முன்னாடியே, 1982 அக்டோபர் 17-ம் தேதி, இத்தாலிய சமையல் அகாடமிக்காரங்க இந்த ரெசிபியை போலோன்யா வர்த்தக சபையில பதிவு பண்ணி வச்சாங்க. நம்ம ஊர்ல வீட்டுப் பத்திரம் பதியுற மாதிரி. சரி, பத்திரம் பதிஞ்சாச்சே, இனிமே மாறாதுன்னு நினைக்கிறீங்களா? 2023-ல அவங்களே அதைத் திருத்தி மறுபடியும் பதிஞ்சாங்க. இன்னும் பின்னாடி போனா, 1891-ல பெல்லெக்ரீனோ அர்தூசி எழுதின புகழ்பெற்ற சமையல் புத்தகத்துல போலோன்யா பாணி கறி சாஸ் இருக்கு. அதுல தக்காளியே கிடையாது! ஸோ, 'ஒரிஜினல்' என்னன்னு சண்டை போட்டா செமஸ்டர் முடிஞ்சிடும். எல்லாத்துலயும் பொதுவா இருக்கிறது பொடியா நறுக்கின கறி, வெங்காயம், கேரட், செலரி. அப்புறம் பொறுமை.

இப்ப மேட்டருக்கு வருவோம். நாலு பேருக்கான கணக்கு இது. கொத்துக்கறி 400 கிராம். போலோன்யாவுல மாட்டுக்கறியும், பன்சேத்தாங்கிற உப்பிட்ட பன்னி வயித்துக் கறியும் போடுவாங்க. உங்க வீட்டுல எது பழக்கமோ அதை எடுத்துக்கங்க. ஆட்டுக்கறின்னாலும் கவலை வேணாம். அதே இத்தாலியில அப்ருட்சோன்னு ஒரு பகுதி. அங்க ஆட்டுக்குட்டிக் கறியிலதான் ரகூ பேமஸ். கடைக்கார அண்ணன்கிட்ட, 'கொஞ்சம் கொழுப்போட சேர்த்துக் கொத்திக் குடுங்கண்ணா, மசிச்சுடாதீங்க'ன்னு சொல்லிடுங்க. அப்படியே நாலு எலும்பும் கேட்டு வாங்கினா சூப்புக்கு ஆச்சு.

வெங்காயம், கேரட், செலரி தலா 60 கிராம். பழுத்த தக்காளியைக் கொதிக்கிற தண்ணியில போட்டுத் தோலுரிச்சு, அரைச்சு, வடிகட்டி 200 கிராம். தக்காளி பேஸ்ட் ஒரு ஸ்பூன். பால் ஒரு டம்ளர். எண்ணெய் மூணு டேபிள்ஸ்பூன். உப்பு, மிளகுத்தூள். அவ்வளவுதான்! இஞ்சி பூண்டு பேஸ்ட் எங்கப்பான்னு கேட்கிறீங்களா? போலோன்யாக்காரங்க பத்திரத்துல பூண்டுக்கு இடமே இல்லை. கரம் மசாலா டப்பாவுக்கு அன்னிக்கு லீவு.

காய் மூணையும் எவ்வளவு பொடியா முடியுமோ அவ்வளவு பொடியா நறுக்கி, எண்ணெயில சின்னத் தீயில வதக்குங்க. நம்ம தாளிப்பு மாதிரி பட படன்னு முடிக்கக் கூடாது. செவக்காம, சொத சொதன்னு இளகி வர 10 நிமிஷமாவது ஆகும். இதுக்கு அங்க 'சொஃப்ரித்தோ'ன்னு பேரு.

இன்னொரு அடுப்புல அகலமான இரும்புச் சட்டியைப் புகையக் காய வச்சு, கறியை ரெண்டு தவணையா வறுங்க. ஏன் ரெண்டு தவணை? இங்கதான் நம்ம இன்ஜினீயரிங் மூளையை யூஸ் பண்ணணும். மொத்தக் கறியையும் கொட்டினா சட்டி சூடு இறங்கிடும். கறி விடுற தண்ணியிலயே கறி வேகும். தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆனா வறுத்த கறிக்கு அந்த வாசனையும் பழுப்பு நிறமும் வர சுமார் 140 டிகிரி வேணும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நடத்துற அந்த வேதிவினையை 1912-ல எழுதினவர் லூயி கமீல் மயார்ங்கிற பிரெஞ்சுக்காரர். ஸோ, 'சொர்ர்ர்'னு சத்தம் வந்தா நீங்க பாஸ். 'கொள கொள'ன்னு சத்தம் வந்தா இன்னும் தண்ணி இருக்குன்னு அர்த்தம். வறுத்ததும் அடி கனமான வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க. இரும்புல தக்காளியை ரொம்ப நேரம் கொதிக்க விட்டா சாஸ்ல இரும்பு வாடை அடிக்கும்.

அந்த ஊர்ல இந்த இடத்துல ஒயின் ஊத்துவாங்க. நாம எலும்பு சூப் ரெண்டு கரண்டி ஊத்தி, சட்டியில ஒட்டினதைச் சுரண்டி அதையும் சேர்த்துக்கலாம். அப்புறம் வதக்கின காய், பேஸ்ட், தக்காளி, உப்பு. அடுப்பை சிம்ல வச்சு, மூடியை லேசாத் திறந்து வச்சிடுங்க. சாஸ் தள தளன்னு கொதிக்கக் கூடாது. ஒரு குமிழி வந்து, யோசிச்சு, அப்புறம்தான் அடுத்த குமிழி வரணும். இப்படியே ரெண்டு மணி நேரம்! வத்தினா ஒரு கரண்டி சூப். பாதியில பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. தக்காளியோட புளிப்பு அடங்கும்.

எங்க வீடு திருப்பூர்ல. நான் இதை முதல் தடவை அடுப்புல ஏத்தினப்ப அம்மா கேட்டாங்க: "ஏன் கண்ணு, குக்கர்ல அஞ்சு விசில் விட்டா வெந்துட்டுப் போகுது. இதுக்குப் போயி எதுக்கு ரெண்டு மணி நேரம்?"

நியாயமான கேள்விதானே! குக்கருக்குள்ள அழுத்தம் ஏறுறதால தண்ணி சுமார் 120 டிகிரிக்குப் போகும். கறியில இருக்கிற கொலாஜன்ங்கிற நார் சீக்கிரமே ஜெலட்டினா மாறி, கறி மெத்துனு ஆயிடும். அது வரைக்கும் சரி. ஆனா மூடி போட்ட குக்கர்ல தண்ணி வத்தாது. ருசி திரளாது. கறியும் காயும் தக்காளியும் தனித்தனியாவே நிக்கும். வெந்துடும், சாஸ் ஆகாது. "அதனால விசில் செல்லாதும்மா"ன்னு சொன்னேன்.

"அப்ப ரெண்டு மணி நேரமும் நீ இங்கயே நிப்பியா?"ன்னாங்க.

அந்தக் கேள்விதான் என்னைப் பிடிச்சுக்கிச்சு. அம்மா ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்க்கிறாங்க. வாரத்துல ஆறு நாளும் நின்னுக்கிட்டே செய்யுற வேலை. ஏழாவது நாள் ஞாயிறு. கறி எடுக்கிற நாள். லேப்ல ஸ்டாப் வாட்ச் பிடிச்ச பழக்கத்துல, முந்தின ஞாயிறுதான் சும்மா மணி பார்த்து வச்சிருந்தேன். காலை 8.30-க்கு உள்ள போனவங்க 12.10-க்கு வெளிய வந்தாங்க. 3 மணி 40 நிமிஷம். நாங்க நாலு பேரும் சாப்பிட்டு எழுந்திரிக்க 20 நிமிஷம். அதுக்கப்புறம்தான் அவங்க தட்டுல சோறு விழுந்துச்சு.

"நான் நிக்கிறேன்மா, நீங்க போங்க"ன்னு அனுப்பி வச்சேன். அவ்வளவு சுலபமாப் போவாங்களா? மூணு தடவை வந்து கிண்டிப் பார்த்தாங்க. உப்புப் பார்த்தாங்க. "தீ இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணு"ன்னாங்க. நாலாவது தடவை ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தா, ஹால்ல பாயைப் போட்டுத் தூங்கிட்டிருந்தாங்க. மணி 11. பகல்ல அவங்க தூங்கி நான் பார்த்தது காய்ச்சல் வந்தப்ப மட்டும்தான்.

சாஸ் எப்படி வந்துச்சுன்னுதானே கேட்கிறீங்க? எங்க அப்பத்தா, 'காரமே இல்ல'ன்னு ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டாங்க. தங்கச்சி சட்டியை வழிச்சா. மாசத்துல ஒரு ஞாயிறு இப்ப என் கணக்கு.

பாஸ்தா வேக வைக்கிறதையும் சொல்லிடறேன். இத்தாலிக்காரங்க கணக்கு 1-10-100. ஒரு லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்பு, 100 கிராம் பாஸ்தா. பாக்கெட்ல 'டியூரம் வீட் செமோலினா'ன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. மைதான்னா கொழ கொழன்னு போயிடும். அதுல போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாருங்க. பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கணும். வடிக்கும்போது ஒரு டம்ளர் தண்ணியைப் பத்திரமா எடுத்து வைங்க. அதுல இருக்கிற மாவுச்சத்துதான் சாஸையும் பாஸ்தாவையும் ஒட்ட வைக்கிற ஃபெவிகால். பச்சைத் தண்ணியில மட்டும் அலசிடாதீங்க. அந்த மாவு போயிடும். சூடா இருக்கும்போதே சாஸ்ல போட்டு, அந்தத் தண்ணியில கொஞ்சம் விட்டு ஒரு நிமிஷம் புரட்டினா... முடிஞ்சது!

போலோன்யா பத்திரத்துல கறிக்கு கிராம் கணக்கு இருக்கு, கேரட்டுக்கு இருக்கு, பாலுக்குக்கூட டம்ளர் கணக்கு இருக்கு. அடுப்புகிட்ட யார் நிக்கணும்னு மட்டும் எந்த ரெசிபியிலும் எழுதியிருக்காது. உங்க வீட்டுல அது யாருன்னு உங்களுக்கே தெரியும். அது அம்மாவா, அக்காவா, பாட்டியா, யாரா வேணா இருக்கட்டும். வர்ற ஞாயிறு அவங்களைக் கிச்சனுக்கு வெளிய அனுப்பிட்டு, ஒரு ரெண்டு மணி நேரம் நின்னு பாருங்க. கால் எங்க வலிக்குதுன்னு அப்பத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு விஷயம். பாத்திரம் கழுவுறதும் உங்க டிபார்ட்மென்ட்தான். இப்பவே சொல்லிட்டேன்!