காசு கொடுத்தவர்களின் ஜன்னல்

பத்திரிகைத் தொழிலுக்கு ஒரு பள்ளிக்கூடமா என்று நம்மவர்கள் கேட்பது உண்டு. லயத்துத் திண்ணையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலத்தில் வளர்ந்தவன் நான். அதனால்தான், நியூயார்க்கில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பத்திரிகையியல் பள்ளியைக் காட்டச் சொன்னேன். முதல் நாள்தான் சுதந்திர தேவி சிலையைப் பார்த்திருந்தோம்.

செங்கல்லும் வெள்ளைக் கல்லும் கலந்த கம்பீரமான கட்டடம். வாசலில் ஜெஃபர்சன் சிலை. உள்ளே வகுப்பறைகள், வானொலி, தொலைக்காட்சி ஒலிப்பதிவுக் கூடங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் மாணவர்களின் பாதி வகுப்பு தெருவில்தான் நடக்கிறது. ஊருக்குள் போய் நாலு பேரிடம் விசாரித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். எனக்குப் பிடித்த பாடம் அது!

இதற்கு 20 லட்சம் டாலர் கொடுத்தவர் ஜோசப் புலிட்சர். ஹங்கேரியில் பிறந்து, 1864-இல் 17 வயதில், ஆங்கிலம் தெரியாமல் அமெரிக்கா வந்தவர். கோவேறு கழுதைகளைப் பராமரிக்கும் வேலைகூடப் பார்த்தவர். பிறகு 'வேர்ல்ட்' நாளேட்டின் முதலாளியானார். பரபரப்புக்காக அவர் ஏடு அடித்த கூத்துகளும் கொஞ்சமல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1911-இல் அவர் இறந்தார். மறு ஆண்டு பள்ளி திறந்தது. கட்டடம் முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

மூன்றாம் மாடியில் 'வேர்ல்ட் ரூம்' என்று ஒரு பெரிய அறை. அங்கே வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று. அதில் சுதந்திர தேவி! 'வேர்ல்ட்' ஏட்டின் பழைய கட்டடம் 1955-இல் இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே இந்த ஜன்னலைக் காப்பாற்றிக் கொண்டுவந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள்.

பத்திரிகைக் கட்டடத்தில் இந்தச் சிலைக்கு என்ன வேலை? பிரான்ஸ் சிலையைக் கொடுத்தது. அதை நிறுத்தப் பீடம் கட்ட அமெரிக்காவில் பணம் இல்லை. பணக்காரர்கள் கையை விரித்தார்கள். 1885-இல் புலிட்சர் தம் ஏட்டில் சாதாரண ஜனங்களைக் கேட்டார். எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக வாக்களித்தார். சில மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கும் அதிகம். பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. பிள்ளைகள் சேமித்த சில்லறையும் அதில் உண்டு.

மகன் இதைப் படித்துச் சொன்னதும் எனக்கு அப்பா நினைவு வந்துவிட்டது. 1950-களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினாரே, மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகத்துக்காக அந்த நிதி. அங்கே இந்திய இயல் துறை 1956-இல் தொடங்கியது. பால்மரம் வெட்டிய அப்பாவும் ஒரு வெள்ளி கொடுத்தார். அன்றைக்கு ஒரு வெள்ளி என்றால் அம்மாவிடம் கணக்குச் சொல்ல வேண்டிய பணம். சொன்னார், திட்டும் வாங்கினார். பல்கலைக்கழகத்தின் வாசற்படியை அவர் கடைசிவரை மிதித்ததில்லை.

"தாத்தா பேரு பேப்பர்ல வந்துச்சாப்பா?" என்று மகன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பழைய முரசு இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அடுத்த மாதம் ஜொகூர் பாலம் தாண்டிப் போகிறேன்.